யூனியன் உள்ள ட்ரக் கொம்பனி வேலைக்குக் கூப்பிடுகிறது, போகலாமா?

நெடுஞ்சாலை401 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏஸெட் (பெரிய ட்ரக் ஓட்டும்) லைசென்ஸ் எடுத்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள பிராம்ப்டனில் ஒரு சின்னக் கொம்பனிக்கு ஓடுகிறேன். ட்ரக் அவர்களுடையது, டீசல் அவர்களுடையது, எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதும் அவர்கள்தான். ஆனால் காசு மட்டும் என் பெயரில் பதிந்த கோர்ப்பரேஷனுக்கு வருகிறது. சேரும்போதே அப்படிப் பதிந்துகொண்டு வா என்றார்கள். இங்கே பலருக்குப் பழகிய கதைதான்.

போன கிழமை மிசிசாகாவில் டெர்மினல் உள்ள ஒரு எல்டிஎல் (பலரின் சிறு சரக்குகளைச் சேர்த்து ஏற்றும்) கொம்பனியில் ரோட் டெஸ்ட் பாஸ் பண்ணினேன். ரீம்ஸ்டர்ஸ் என்ற யூனியன் அங்கே இருக்கிறது. நகருக்குள் ஓடினால் மணிச் சம்பளம், லைன்ஹோல் (நகரம் விட்டு நகரம்) என்றால் மைலுக்கு. மருந்து, பல், கண்ணாடி எல்லாவற்றுக்கும் காப்புறுதி, பென்ஷனும் உண்டு. ஆனால் ஸ்பேர் போர்டில், அதாவது கூப்பிட்டால் மட்டும் போகும் ஆட்களின் பட்டியலில்தான் தொடங்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணி என்று உறுதி இல்லை. பெரும்பாலும் இரவு என்றார்கள். இப்போது கையில் வருவதைவிடக் காசும் குறையும். மனுசிக்கு முதியோர் இல்லத்தில் காலை ஷிஃப்ட். சின்னவனுக்கு எட்டு வயது.

நன்றாக வேலை செய்தாலும் வரிசையில் கடைசியாகவே நிற்க வேண்டுமா? ஸ்ட்ரைக் வந்தால் வீட்டுக் கடன் என்ன ஆகும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.


இரவு_லைன்ஹோல் எழுதியது:

தம்பி, நான் யூனியன் கொம்பனியில்தான் நீண்ட காலமாக ஓடுகிறேன். உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஓம், கடைசியாகத்தான் நிற்க வேண்டும். எவ்வளவு திறமையாக ஓடினாலும் பிட் போடும், அதாவது ஓட்டங்களைத் தெரிவு செய்யும் நாளில் உங்களுக்கு முன் சேர்ந்தவர்தான் முதலில் தெரிவு செய்வார். வருடத்தில் ஒரு முறையோ இரண்டு முறையோ ஓட்டங்களைப் பட்டியல் போட்டு ஒட்டுவார்கள். மேலே இருப்பவர் பகல் ஓட்டம், சனி ஞாயிறு லீவு, நல்ல மைல் எல்லாம் எடுத்துவிடுவார். மிஞ்சுவது கீழே வரும். ஸ்பேர் போர்டில் இருப்பவருக்கு அந்த மிச்சமும் இல்லை. யாராவது சுகமில்லை என்று வராவிட்டால், சரக்கு கூடிவிட்டால், உங்களைக் கூப்பிடுவார்கள்.

அதனால் "யூனியன் நல்லதா" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். "அந்தப் பட்டியலில் நான் எங்கே நிற்கப்போகிறேன், எவ்வளவு கெதியாக மேலே போவேன்" என்று கேளுங்கள். ஒரே யூனியனின் கீழ் இருக்கும் இரண்டு டெர்மினல்களில்கூட இதற்குப் பதில் வேறுபடும். ஓரிடத்தில் மேலே இருப்பவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், சில வருடங்களில் ஓய்வெடுத்துவிடுவார்கள். இன்னோரிடத்தில் எல்லோரும் நாற்பது வயதுக்காரர், இருபது வருடத்துக்கு அசைய மாட்டார்கள். சம்பளம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வாழ்க்கை ஒன்று இல்லை.

சீனியோரிட்டி (சேர்ந்த நாள்படி வரும் வரிசை) டெர்மினலுக்குத் தனியா, கொம்பனி முழுவதற்கும் சேர்த்தா என்றும் கேளுங்கள். இன்னொன்றை நன்றாக மனதில் வையுங்கள்: கொம்பனி மாறினால் சீனியோரிட்டி கூட வராது. அதே யூனியனின் அட்டை கையில் இருந்தாலும் புது இடத்தில் மறுபடி அடியிலிருந்துதான்.

லைன்ஹோல் வேலை எப்படி என்று தெரிந்துகொண்டு போங்கள். ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் 540 கிலோமீற்றர் அளவில் வரும். பல கொம்பனிகளில் கிங்ஸ்டன் பக்கம் மொன்றியல் டிரைவரைச் சந்தித்து, ட்ரெய்லரை மாற்றிக்கொண்டு திரும்பி வருவோம். விடியும்போது வீட்டில் நிற்கலாம். ஆனால் இரட்டை ட்ரெய்லர் என்றால் நடுவில் டொலி (பின் ட்ரெய்லரைத் தாங்கி இணைக்கும் சில்லு வண்டி) வரும். மாசி மாதத்தில் யார்ட்டில் கிடக்கும் டொலியின் சில்லு பனியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் தட்டி விடுவித்துத்தான் பின் ட்ரெய்லருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். காற்றுக் குழாயைக் கொழுவும் இடத்து ரப்பரில் ஐஸ் பிடித்திருந்தால் காற்று கசியும். கையுறையைக் கழற்றி விரலால் சுரண்டி எடுத்தால்தான் சரியாகப் பொருந்தும். இந்த வேலைக்கு எங்கள் ஒப்பந்தத்தில் தனியாகக் காசு எழுதியிருக்கிறது. சரக்கு ஏற்றி இறக்கும் டொக்கில் காத்திருக்கும் நேரத்துக்கும் அப்படித்தான். யூனியன் இல்லாத இடத்தில் மைல் கணக்கில் ஓடியபோது இந்த நேரமெல்லாம் சும்மா போனது.


சொந்த_ட்ரக் எழுதியது:

எல்லோரும் யூனியனுக்குக் கொடி பிடிப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் யெல்லோ கொம்பனியை நினைத்துப் பாருங்கள். 1924இல் தொடங்கிய கொம்பனி. 2023 ஜூலை 30ஆம் திகதி ஓட்டத்தை நிறுத்தியது, ஆகஸ்ட் 6ஆம் திகதி திவால் மனுப் போட்டது. கிட்டத்தட்ட 30,000 பேருக்கு வேலை போனது, அவர்களில் 22,000 பேர் அளவில் ரீம்ஸ்டர்ஸ் உறுப்பினர்கள். கனடாவில் இருந்த வைஆர்சி கிளையும் அத்தோடு போனது. இருபத்தைந்து வருட சீனியோரிட்டி வைத்திருந்தவர் ஒரே இரவில் புது ஆள் ஆகிவிட்டார்.

யூனியன் இல்லாத பெரிய எல்டிஎல் கொம்பனிகளும் யூனியன் சம்பளத்துக்குக் கிட்டத்தட்டக் கொடுக்கிறார்கள். அங்கே சந்தா இல்லை, ஸ்ட்ரைக் பயமும் இல்லை. வேலையில் சுறுசுறுப்பானவனுக்கு ஓட்டங்களைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்பாச்சர் நல்ல ஓட்டம் தருவார். தம்பியின் வயதில் மறுபடி அடியிலிருந்து தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.


கணக்கு_அக்கா எழுதியது:

தம்பி, "கையில் வரும் காசு குறையும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியில்தான் கண் போனது. நான் வரிக் கணக்குச் செய்பவள். ட்ரக் ஓடுபவர்கள் கனக்கப் பேர் என்னிடம் வருகிறார்கள். யூனியன் வேண்டுமா வேண்டாமா என்பதை மற்றவர்கள் சொல்லட்டும். உங்கள் இப்போதைய சம்பளம் உண்மையில் எவ்வளவு என்று முதலில் பார்ப்போம்.

இதற்கு டிரைவர் இங்க் என்று பெயர். ட்ரக் உங்களுடையது இல்லை, வேலையைக் கட்டுப்படுத்துவதும் நீங்கள் இல்லை. அப்படியென்றால் நடைமுறையில் நீங்கள் ஊழியர்தான். கோர்ப்பரேஷன் வெறும் உறை. வரி இலாகா இப்படிப்பட்டதைத் தனிநபர் சேவை வணிகம் என்று எடுத்துக்கொண்டால் சிறு வணிகச் சலுகை கிடைக்காது. கோர்ப்பரேஷனில் விட்டுவைக்கும் இலாபத்துக்கு ஒன்ராறியோவில் மத்திய, மாகாண வரி சேர்த்து 44.5 வீதம் வரும். சாப்பாடு, போன், கார் என்று எழுதிய செலவில் பெரும்பகுதியை ஏற்க மாட்டார்கள். எல்லாவற்றையும் சம்பளமாக எடுத்தால் அந்த வரியிலிருந்து தப்பலாம், ஆனால் அப்போது சீபீபீ (கனடா அரச பென்ஷன்) இரண்டு பக்கமும் உங்கள் தலையில்: ஊழியர் பங்கு 5.95 வீதம், முதலாளி பங்கு இன்னொரு 5.95. டிவிடெண்டாக (இலாபப் பங்காக) எடுத்தால் சீபீபீயே கட்டப்படாது. அறுபத்தைந்து வயதில்தான் அதன் வலி தெரியும்.

ஈஐ (வேலை போனால் வரும் காப்புறுதி) உங்களுக்கு இல்லை. வாக்குரிமைப் பங்குகளில் 40 வீதத்துக்கு மேல் உங்களிடம் இருந்தால் அந்த வேலைக்கு ஈஐ கிடையாது. டபிள்யூஎஸ்ஐபி (வேலையில் காயப்பட்டால் வரும் காப்புறுதி) நீங்களாகக் காசு கட்டி எடுத்திருந்தால் ஒழிய அதுவும் இல்லை. பனியில் வழுக்கி முழங்கால் போனால் யார் சம்பளம் தருவது?

யூனியன் இல்லாவிட்டாலும், மாகாண எல்லை தாண்டி ஓடும் கொம்பனியின் ஊழியருக்கு மத்திய தொழிற் சட்டம் கொடுக்கும் சில உரிமைகள் உண்டு. 2022 டிசம்பரிலிருந்து வருடத்துக்குப் பத்து நாள் வரை சம்பளத்துடன் சுகவீன லீவு. முதல் வருடம் முடிந்தால் இரண்டு கிழமை விடுமுறை, ஐந்து வருடம் முடிந்தால் மூன்று, பத்து முடிந்தால் நான்கு. இவை ஒன்றும் இப்போது உங்களுக்குக் கிடைப்பதில்லை. ஊழியரை ஊழியர் இல்லை என்று காட்டுவதே 2021 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டத்தில் தடை. முறைப்பாடு வந்தால் நீங்கள் ஊழியர் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கொம்பனியுடையது.

இவற்றுக்கெல்லாம் விலை போட்டுக் கழித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் இப்போதைய வேலை கூடுதலாகத் தருகிறதா என்று பார்ப்போம். யூனியன் சந்தாவை வருமானத்திலிருந்து முழுமையாகக் கழிக்கலாம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


நெடுஞ்சாலை401 எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. நேற்று இரவு மனுசியுடன் இருந்து கணக்குப் போட்டேன். வரிக்கென்று ஒதுக்க வேண்டியதையும் லீவுச் சம்பளத்தையும் கழித்தால் வித்தியாசம் நான் நினைத்ததில் கால்வாசிகூட இல்லை. காப்புறுதியைச் சேர்த்தால் புது வேலை மேலே போகிறது. சின்னவனுக்கு ஆஸ்துமா, மருந்துக்கே மாதாமாதம் காசு போகிறது.

சொந்த_ட்ரக் அண்ணா, யெல்லோ விஷயம் எனக்கும் யோசனைதான். அது யூனியனால் மூடப்பட்டதா?


ஸ்டூவர்ட்_மிசிசாகா எழுதியது:

யெல்லோவைப் பற்றி இரண்டு தரப்பும் மற்றத் தரப்பைத்தான் குற்றம் சொல்கிறது. யூனியன் மறுசீரமைப்புக்கு விடவில்லை என்றது கொம்பனி. யூனியன் சொன்னது வேறு: வருடக்கணக்காகச் சம்பளத்திலும் பென்ஷனிலும் விட்டுக்கொடுத்தோம், 2020இல் அமெரிக்க அரசு 700 மில்லியன் டொலர் கடனும் கொடுத்தது, அப்படியும் நிர்வாகம் கடனில் மூழ்கியது. கடைசியில் பென்ஷன், மருத்துவ நிதிக்குக் கட்ட வேண்டிய பணத்தை நிறுத்தினார்கள், ஸ்ட்ரைக் அறிவித்தல் வந்தது, சரக்குக் கொடுத்தவர்கள் பயந்து வேறு கொம்பனிக்குப் போனார்கள். கடனில் நிற்கும் கொம்பனியை யூனியன் அட்டை காப்பாற்றாது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். சேரும் முன் கொம்பனி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ட்ரக்குகள் எவ்வளவு பழசு? டயருக்கும் திருத்த வேலைக்கும் கணக்குப் பார்க்கிறார்களா? யார்ட்டில் ஒரு அரை மணி நேரம் நின்றாலே தெரிந்துவிடும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் கூட்டு ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள். மத்திய சட்டத்தின் கீழ் வரும் கொம்பனியின் ஒப்பந்தம் அரசாங்கத்திடம் பதியப்பட வேண்டும். நெகோடெக் என்ற அரசாங்கத் தளத்தில் தேடினால் இலவசமாகப் படிக்கலாம். இல்லாவிட்டால் யூனியன் அலுவலகத்தில் கேளுங்கள், தருவார்கள். சம்பள அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். புது ஆளுக்கு முழுச் சம்பளம் எத்தனை வருடத்தில் வருகிறது, ஸ்பேர் போர்டில் கூப்பிட்டு வந்தபின் வேலை இல்லை என்றால் குறைந்தது எத்தனை மணிக்குச் சம்பளம், லே-ஓஃப் ஆனால் திரும்பக் கூப்பிடும் உரிமை எவ்வளவு காலம் நிற்கும், வெளி புரோக்கர்களுக்கு (சொந்த ட்ரக் வைத்து ஓடுபவர்களுக்கு) ஓட்டங்களைக் கொடுக்கக் கொம்பனிக்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது, இவை நான்கும்தான் புது ஆளைத் தாக்கும். கடைசியாகச் சொன்னதை இரண்டு தரம் படியுங்கள். புரோக்கருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தால் நீங்கள் மேலே ஏற ஏறப் பட்டியல் கீழேயிருந்து சுருங்கிக்கொண்டு வரும்.

ஓவர்டைம் பற்றியும் பாருங்கள். மத்திய விதிப்படி நெடுஞ்சாலை டிரைவருக்குக் கிழமைக்கு 60 மணிக்குப் பிறகுதான் ஓவர்டைம். நகர டிரைவருக்கு நாளுக்கு 9, கிழமைக்கு 45. ஒப்பந்தம் அதைவிட நல்லதாக இருக்கலாம், எங்களுடையது அப்படித்தான். நகர டிரைவர் யார் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கலாம்.

புரொபேஷன் (புது ஆளைச் சோதித்துப் பார்க்கும்) காலத்தில் யூனியன் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் காலம் முடியும்வரை நேரத்துக்குப் போங்கள், ஓடிய நேரம் பதியும் லொக் புத்தகத்தில் கை வைக்காதீர்கள், சின்ன உரசல் என்றாலும் உடனே அறிவியுங்கள். யார்ட்டில் கம்பத்தில் இடித்தவர்களில் வேலையை இழந்தவர்கள் பெரும்பாலும் அதை மறைத்தவர்கள்தான்.

சந்தா பற்றி: "நான் யூனியனில் சேரவில்லை, சந்தா கட்ட மாட்டேன்" என்பது இங்கே பெரும்பாலும் செல்லாது. 1946இல் நீதிபதி ஐவன் ராண்ட் ஃபோர்ட் தொழிலாளர் பிணக்கில் கொடுத்த தீர்ப்பிலிருந்து வந்த முறை அது. ஒப்பந்தத்தின் பலன் எல்லோருக்கும் வருவதால் சந்தாவும் எல்லோரிடமும். அதற்குப் பதிலாக, நீங்கள் உறுப்பினரோ இல்லையோ, யூனியன் உங்களை நியாயமாகப் பிரதிநிதித்துவம் செய்யச் சட்டப்படி கடமைப்பட்டிருக்கிறது. செய்யாவிட்டால் தொழில் உறவுச் சபையில் 90 நாட்களுக்குள் முறையிடலாம். சொந்த_ட்ரக் அண்ணாவுக்கும் ஒன்று: சொந்த ட்ரக் வைத்து ஒரே கொம்பனிக்கு ஓடுபவரும் சார்பு ஒப்பந்தக்காரர் என்ற வகையில் யூனியனில் சேர மத்திய சட்டம் இடம் கொடுக்கிறது.


சொந்த_ட்ரக் எழுதியது:

அது எனக்குத் தெரியும், எனக்கு வேண்டாம். ஆனால் ஒப்பந்தத்தைப் படி என்பது சரியான பேச்சு. பென்ஷன் பக்கத்தையும் படியுங்கள் தம்பி. மணிக்கு இவ்வளவு என்று கொம்பனி கட்டும் தொகை மட்டும் நிச்சயமா, அல்லது உங்களுக்கு மாதம் இவ்வளவு என்று வரும் தொகை நிச்சயமா? பல கொம்பனிகள் சேர்ந்து கட்டும் நிதி என்றால் நிதி குறையும்போது பென்ஷனையும் குறைக்கலாம். ஒன்ராறியோவில் பென்ஷன் உத்தரவாத நிதி என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது பல முதலாளிகள் சேர்ந்து கட்டும் திட்டங்களைக் காப்பதில்லை. மத்திய சட்டத்தின் கீழ் பதிந்த திட்டங்களுக்கு அப்படி ஒரு நிதியே இல்லை. அதனால் ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுகாலச் சேமிப்பில் உங்கள் பங்குக்கும் போடுங்கள்.


வீட்டுப்பக்கம் எழுதியது:

என் கணவர் யூனியன் கொம்பனியில் ஸ்பேர் போர்டில் தொடங்கியவர். யாரும் வீட்டுப் பக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் காலம் போன்தான் எங்கள் வீட்டை ஆண்டது. பின்னேரம் சாப்பாட்டு மேசையில் போன் நடுவில் இருக்கும். அடித்தால் இரண்டு மணி நேரத்தில் யார்ட்டில் நிற்க வேண்டும். அடிக்காவிட்டால் சம்பளம் இல்லை. பகலில் நித்திரை கொள்ள வேண்டுமா, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டுமா என்று அவருக்கே தெரியாது. கறுப்புத் துணியால் அறை ஜன்னலை மூடினோம். பிள்ளைகளுக்குச் சத்தம் போடாதே என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை போனது. பிறந்தநாள், கோவில், கலியாணம் ஒன்றுக்கும் சேர்ந்து போனதில்லை. தைப்பொங்கலுக்கு அவர் வரும்வரை பானையை அடுப்பில் வைக்காமல் காத்திருந்து, பிறகு பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள் என்று நானே பொங்கினேன்.

இப்போது அவருக்கு நிரந்தர ஓட்டம். எந்த நாள் லீவு என்று வருடத்துக்கே தெரியும். போன வருடம் முதுகு சத்திரசிகிச்சைக்குப் படுத்திருந்தபோது காப்புறுதியிலிருந்து கிழமைக் காசு வந்தது, வேலையும் அவருக்காக நின்றது. பழைய கொம்பனியாக இருந்தால் மூன்றாம் நாளே வேறு ஆள் அந்த ட்ரக்கில் ஏறியிருப்பான். நான் அந்த ஆரம்ப வருடங்களைத் திரும்ப வாழச் சொன்னால் வாழுவேன். ஆனால் உங்கள் மனைவியிடம் "கொஞ்சக் காலம்தான்" என்று சொல்லாதீர்கள். டெர்மினலில் கேட்டு உண்மையான காலத்தைச் சொல்லுங்கள். அவவுக்குக் காலை ஷிஃப்ட் என்றால், நீங்கள் இரவில் போய் விடிய வரத் தாமதமானால் சின்னவனைப் பள்ளிக்கு யார் விடுவது என்று முதலில் முடிவெடுங்கள். எங்களுக்கு மாமி இருந்தா. உங்களுக்கு யார்?


இரவு_லைன்ஹோல் எழுதியது:

வீட்டுப்பக்கம் அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. தம்பி, இன்னொன்று. இரவு ஓடுவதென்றால் நித்திரையைச் சம்பளத்தின் பகுதியாக நினையுங்கள். சட்டம் 13 மணி நேரம் ஓட்ட விடும், 10 மணி நேர ஓய்வும் கேட்கும். அந்தப் பத்தில் எத்தனை மணி உண்மையில் தூங்குகிறீர்கள் என்பதை எந்தக் கருவியும் பதியாது. களைப்பாக இருக்கிறது, இன்று ஓட மாட்டேன் என்று சொன்னதற்கு எங்கள் டெர்மினலில் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. சொல்லத் துணிவு வருவது பின்னால் ஸ்டூவர்ட் (டெர்மினலில் ஊழியர்களுக்காகப் பேசும் யூனியன் பிரதிநிதி) இருக்கிறார் என்பதால்தான். எனக்கு யூனியனின் பெரிய பலன் இதுதான், சம்பளம் இரண்டாவது.

ஸ்ட்ரைக் பற்றிக் கேட்டீர்கள். திடீரென்று வராது. ஒப்பந்தம் முடிந்து, பேச்சு முறிந்து, இரகசிய வாக்கெடுப்பு நடந்து, 72 மணி நேர அறிவித்தல் கொடுத்த பிறகுதான். 2025 ஜூன் 20 முதல் மத்திய சட்டத்தின் கீழ் உள்ள கொம்பனிகள் ஸ்ட்ரைக் நேரத்தில் மாற்று ஆட்களை வைப்பதற்குத் தடை, சில விலக்குகள் தவிர. அதனால் கொம்பனியும் இழுத்தடிக்க யோசிக்கும். ஆனாலும் ஒப்பந்தம் முடியும் திகதியைப் பாருங்கள். ஸ்ட்ரைக் காசு வீட்டுக் கடனுக்குக் காணாது, மூன்று மாதச் செலவைத் தனியே வையுங்கள்.


நெடுஞ்சாலை401 எழுதியது:

எல்லோரும் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. வியாழக்கிழமை டெர்மினலுக்குப் போனேன். டிஸ்பாச் ஜன்னலுக்குப் பக்கத்தில் சீனியோரிட்டி பட்டியல் ஒட்டியிருந்தது. அங்கே ஸ்டூவர்டாக இருக்கும் அண்ணர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: நிரந்தர ஓட்டம் கிடைக்க மூன்று வருடம் ஆகும், பகல் ஓட்டத்தை ஏழெட்டு வருடத்துக்கு நினைக்க வேண்டாம். மேலே இருப்பவர்களில் ஒரு பத்துப் பேர் ஓய்வுக்குக் கிட்டே நிற்கிறார்கள். ட்ரக்குகள் புதியவை. ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடத்துக்கு இருக்கிறது. புரோக்கர் விஷயத்தில் ஒரு உச்சவரம்பு எழுதியிருக்கிறார்கள். அது எனக்கு நல்லதாகப் பட்டது.

மூன்று வருடம் என்பதை அப்படியே மனுசியிடம் சொன்னேன். அவ தன் ஷிஃப்ட்டைப் பின்னேரத்துக்கு மாற்றிக் கேட்டிருக்கிறா, அனேகமாகக் கிடைக்கும். காலையில் அவ பள்ளிக்கு விடுவா, பின்னேரம் நான் எழும்பிக் கூட்டி வருவேன். எனக்கு முன்னேரத்தில் கூப்பிட்டால் மாத்திரம் பக்கத்து வீட்டு அக்கா பார்ப்பா.

போவதென்று முடிவெடுத்துவிட்டேன். கணக்கு_அக்கா, அந்தக் கோர்ப்பரேஷனை உடனே மூடிவிடலாமா?


கணக்கு_அக்கா எழுதியது:

அவசரப்பட வேண்டாம் தம்பி. பழைய கொம்பனியிடமிருந்து வரவேண்டிய கடைசிக் காசு முழுவதும் வரட்டும். அதன் பிறகு கடைசி எச்எஸ்டி (விற்பனை வரி) கணக்கைக் கொடுத்து அந்த எண்ணை மூடுங்கள். கோர்ப்பரேஷனில் மிச்சம் உள்ள பணத்தை எப்படி எடுப்பது என்று ஒரு கணக்காளரோடு இருந்து பாருங்கள். இந்த வருடம் புது வேலையின் டி4 (சம்பள) வருமானமும் சேர்வதால் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் எடுத்தால் வரி ஏறும். சட்டப்படி கலைக்கும்வரை வருமானம் பூச்சியமாக இருந்தாலும் வருடா வருடம் டி2 (கோர்ப்பரேஷன் வரிக் கணக்கு) கொடுக்க வேண்டும், பலர் இதை மறந்து தண்டம் கட்டுகிறார்கள். பழைய கொம்பனி அனுப்பிய மெசேஜ்கள், ஓட்ட அட்டவணை, சம்பளச் சீட்டுகள் ஒன்றையும் அழிக்காதீர்கள். லீவுச் சம்பளத்துக்கு முறைப்பாடு செய்வதென்றால் கால எல்லை இருக்கிறது, வேலையை விட்ட கையோடு மத்திய அரசின் தொழிற் திட்ட அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேளுங்கள்.